ஜெபக்குறிப்பு

…ஜெபக்குறிப்பாம், பெயரைப் பார், புதன்கிழமை கூட்டத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து, சகோதரி மகாவுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், புருஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், ஆபீசில் யாருடனோ பழக்கமாம் என்று கண்ணீர் விட்ட அதே மமதா ஆன்ட்டி, இதோ இந்த நாற்காலியில் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், ஒக்கலிபுரத்தில் வேறு பார்லரே இல்லையா… வீணா நூலின் முனையைப் பல்லில் கடித்தாள், கடித்த வேகத்தில் தாடை வலித்தது. நூல் ஒரு தரம் தடம் மாறினால் போதும், பாதிப் புருவம் போய்விடும், நாளைக்கு ஆராதனையில் முதல் வரிசையில் உட்கார்ந்து முக்காட்டை எவ்வளவு இழுத்தாலும் மறைக்க முடியாது. செய்யலாமா? கை கேட்கவில்லை, வழக்கம்போல முடிமுடியாக ஒழுங்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கையின் மேலும் கோபம் வந்தது. ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பு என்றால் அந்தக் கூட்டத்திலேயே இந்த ஆன்ட்டியின் கொண்டையைப் பிடித்திருப்பாள், ஸ்ரீராம்புரம் குழாயடியில் வீணாவின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. இப்போது வாரம் தவறாமல் பாஸ்டர் இச்சையடக்கம், நாவடக்கம் என்கிறார், அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் ஆமென் என்றபோது அவளும் ஆமென்… எதற்கு ஆமென்? விஷயம் எப்படியோ அன்றே வீட்டுக்கு வந்துவிட்டது, மகா அக்கா அழவில்லை, நீயும் அங்கதான இருந்த என்று மட்டும் கேட்டாள், அதன்பின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள், மருந்து போடும் நேரமாகியிருந்தது.

வலது புருவம் முடிந்தது. மமதா ஆன்ட்டி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“எவ்ளோ மாறிட்ட வீணா. முன்ன நீ வாயத் தொறந்தா ஏரியாவே நடுங்கும். கர்த்தர் எப்படி உன்ன அடக்கி வெச்சிருக்காரு பாரு. அக்காவுக்கும் ஜெபம் பண்ணிட்டேதாம்மா இருக்கோம்.”

அடக்கி வைத்திருக்கிறாராம்… யார் அடக்கியது, அவரா, இல்லை இவளுக்கு வசதியாக நானே அடங்கிக்கொண்டேனா? இத்தனை மாதம் நான் மூடிய வாயில் யார் வீடு பிழைத்தது? வீணா நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

“ஆன்ட்டி, எங்க அக்கா யார் கூடவும் பழகல. அவ புருஷன்தான் பெல்ட்டால அடிச்சாரு. முதுகெல்லாம் தடம், நான்தான் மருந்து போடறேன். புதன்கிழமை நீங்க சொன்னது பொய். நாளைக்கு சபையில எழுந்து நின்னு அதச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

மமதா ஆன்ட்டியின் கண்கள் திறந்தன. கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன் என்று முனகினாள், எழுந்து போய்விடலாமா என்பதுபோல் கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு புருவம் வில்லாகவும் மற்றது புதராகவும் இருந்தது, அப்படியே வெளியே போக முடியாது, மறுபடி சாய்ந்து இடது இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வீணா அந்தப் புருவத்தையும் ஒரு முடி பிசகாமல் முடித்தாள். குரல் ஏறவில்லை, கை நடுங்கவில்லை, ஆனால் கோபம் போகவும் இல்லை, வயிற்றுக்குள் அடுப்புபோல் அப்படியே எரிந்துகொண்டிருந்தது… அடக்கினேனா, அடக்காமல் விட்டேனா? பாஸ்டரிடம் கேட்டால் சொல்வாரா… அவரும் அன்று ஆமென் சொன்னவர்தானே.