ஹெலிக்கு ஒரு பெர்மெசோ

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் என் கணவர் வலன்ரைனுக்கு, இத்தாலியில், பலேர்மோ நகர ஓரத்து விமானத் திடலொன்றில் வேலை கிடைத்தது. அந்நாட்டு இராணுவம் கழித்துவிட்ட ஹெலிகொப்டர் ஒன்றை ஒரு கம்பெனி வாங்கி, தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரத் திருத்திக்கொண்டிருந்தது. பச்சைப் பூச்சைச் சுரண்டி வெள்ளை அடிப்பது அவர் வேலை. எது கனவிலும் வரக்கூடாதென்று நான் மாதாவை மன்றாடினேனோ, அதனோடு பகலெல்லாம் குடித்தனம் நடத்திவிட்டு வருகிற மனிதருக்கு எந்த முகத்தோடு சோறு போடுவது?

"துவக்குப் பூட்டுற தாங்கியைக் கழட்டியாச்சு எமிலி. ஓட்டையளையும் அடைச்சாச்சு. வெறும் ஹெலி எத்தினை கிலோவெண்டு நிறுத்துப் பாத்தாச்சு. இனி றோமிலை இருந்து ஆள் வந்து, பறந்து பாத்துக் கடுதாசி குடுத்தாச் சரி. இந்த நாட்டிலை இருக்க எங்களுக்குப் பெர்மெசோ தந்தமாதிரி அதுக்கும் ஒண்டு."

"கடுதாசி குடுத்தாச் சத்தம் மாறுமோ?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

ஊரில், மன்னாரில், ஹெலி வந்தால் மேலிருந்து சுடும்; அந்தச் சத்தம் கேட்டாலே குப்புற விழுவோம். மூளைக்குத் தெரியுமுன் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். இங்கே பிறந்த என் மகள் சுஜானி அதைக் கண்டதில்லை. காணவும் கூடாது. என் பயத்தை அவளுக்குச் சீதனமாகக் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். வியா மக்வேதாத் தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமினால்கூட, நடுக்கம் தெரியாதிருக்க அவள் கையை விட்டுவிடுவேன்.

ஆனாலும் அது கனவில் வந்தது. நான் வேலைக்குப் போகும் வீட்டுச் சினியோராவின் கொடிக்கயிற்றில் வெள்ளை விரிப்புகளோடு தொங்கி, சத்தமில்லாமல் காற்றில் ஆடியது. நான் அதைத் தொட்டுக் காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

"வியாழன் பின்னேரம் மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கமாப் பறக்கும். வாரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருக்கால் நிமிந்து நிண்டு பாத்தீரெண்டா எல்லாம் போயிடும்" என்றார் அவர்.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் பலர் மொண்டெல்லோ மணலில் இருந்தார்கள். கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. வெயில் பால்போல் கலங்கியிருந்தது. பிள்ளைக்கு முன்னால் இன்று நிற்பேன், ஒருமுறை நின்றுவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

மலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வாய் நிறைய மணல். சனியன் பிடித்த முழங்கால். தலையைச் சரித்துப் பார்த்தேன். எங்கள் சனம் முழுவதும் புட்டை விட்டுவிட்டுக் குப்புறக் கிடந்தது. சுற்றியிருந்த இத்தாலியரும் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடந்ததால் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, அதைத் தடவித் தடவி வெள்ளையடித்த என் மனிதரும் கிடந்தார். எனக்குப் புத்தி சொன்னவர். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

சுஜானியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்படித்தான் செய்யவேண்டுமாக்கும் என்று நினைத்து, நடுவில் வந்து படுத்தாள். ஆனால் மல்லாந்து படுத்தாள். குப்புற விழ அவளுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

"அம்மா, குவார்தா! மேலை பாருங்கோ. ஏன் மண்ணைப் பாக்கிறீங்கள்?"

எத்தனையோ ஹெலிகளுக்குக் கீழே கிடந்திருக்கிறேன். ஒன்றின் வயிற்றையாவது கண்டதில்லை. புரண்டேன். வெண்மையாக, அவசரமில்லாமல், அது எங்களுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. சத்தம் மாறவில்லை. என் நெஞ்சும் பழையபடிதான் அடித்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

அவர் இன்னும் தலை தூக்கவில்லை. பிள்ளைக்கு மேலால் கை நீட்டி அவர் முதுகைத் தட்டினேன்.

"இஞ்சருங்கோ, திரும்பிப் படுங்கோ. பிள்ளை படுத்திருக்கிறமாதிரி."