தலைவர் படத்துக்கு அடியில் பொத்தான்

கோயிலுக்கு வெப்சைட் செய்யணும்னு முடிவானதும் கமிட்டியில முதல்ல பேசினது, தலைவர் படம் எவ்வளவு பெருசா இருக்கணும்னுதான். நான் தேவகி. கூலிம் ஹைடெக் பூங்காவுல சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் செஞ்சதுல ஓட்டை கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு. கம்பெனியில அதுக்குச் சம்பளம் தர்றாங்க. கோயில்ல இனாமா சொன்னா வாய்க்கொழுப்புன்னு சொல்றாங்க.

சைட்டைச் செஞ்சவன் வசந்தன். சுங்கை பட்டாணியில கல்யாண பேனர் அடிக்கிறவன். எதைச் செஞ்சாலும் நடுவுல பெரிய மூஞ்சி ஒண்ணை வெச்சுதான் அவனுக்குப் பழக்கம். "நீ சும்மா ஒரு பார்வை பாரு லா"ன்னு என்னைக் கூப்பிட்டான்.

சைட் எதுக்குன்னா, திருவிழா உபயத்துக்கு நாள் பதிய. அஞ்சாம் நாள் எங்க சுங்கை லாலாங் தோட்டத்து உபயம். மைக்கில எங்க ஆளுங்க பேரு வர்றது வருஷத்துல அந்த ஒரு நாள்தான். இந்த வருஷம் அது சனிக்கிழமையில விழுந்துச்சு. டவுன்காரங்களுக்கு உடனே அது மேல கண்ணு. தலைவர் ஜெயசங்கர் சார் ரொம்ப நியாயமா ஒரு தீர்ப்பு சொன்னாரு.

"வழக்கம் கிழக்கம் ஒண்ணும் கிடையாது. அவங்கவங்க ஹேன்போன்லதான் பதியணும். யார் முதல்ல அமுக்குறாங்களோ அவங்களுக்குத்தான். யாரும் அமுக்காத நாளை, சைட் திறக்கிற அன்னிக்கே கமிட்டி பாத்துக் குடுத்துடும்."

பத்தாம் நாள் தேர் உபயம் அவர் வீட்டு உபயம். அதை வேற எவன் அமுக்கப் போறான்னு அவருக்குத் தைரியம்.

தோட்டத்து உபயத்துக்குப் பொறுப்பு நவமணி அக்கா. எனக்குப் போன் போட்டாங்க. "தேவகி, அந்தப் பொத்தான் எங்க போன்ல வேலை செய்யுமா? அஞ்சாம் நாள் கைவிட்டுப் போச்சுன்னா நான் இங்க தலை காட்ட முடியாதுடி."

பாத்துச் சொல்றேன்னேன். இதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்கு. தானா பிரவுசரைத் திறந்து, சின்ன போன், பெரிய போன், டிவின்னு எல்லா அளவுலயும் பொத்தானை அமுக்கிப் பாக்கும். டிவியில சரி. போன்ல அத்தனையும் ஃபெயில். திரை சின்னதானா எல்லாம் சுருங்குது, தலைவர் படம் மட்டும் சுருங்க மாட்டேங்குது. போட்ட மாலையோட இறங்கி வந்து 'பதிவு செய்' பொத்தான் மேல உக்காந்துக்குது. பொத்தான்னு நினைச்சு அமுக்கினா படம் இன்னும் பெருசாகுது.

கமிட்டி கூட்டத்துல ரிப்போர்ட்டை மண்டபத்து டிவியில போட்டுக் காட்டினேன். மேலேருந்து கீழ வரைக்கும் சிவப்பு.

"நல்ல காரியம் ஆரம்பிக்கிற நேரத்துல என்னம்மா இது சிவப்பு?"ன்னாரு தலைவர்.

"போன்ல பொத்தானைப் படம் மறைக்குது சார். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கணும்."

செயலாளர் பக்கிரிசாமி அண்ணன், நான் மூலவரையே சின்னதாக்கச் சொன்ன மாதிரி பாத்தாரு.

"டிவியில நல்லாத்தானே தெரியுது. வசந்தா, நீ அந்தச் சிவப்பைப் பச்சையாக்கு."

ஆக்கினான் பாவி. சைட்டை இல்ல, ரிப்போர்ட்டை. நிறத்தைச் சொல்ற ஸ்டைல் ஃபைல்ல ஒரு வரியை மாத்தினான், ஃபெயில் எல்லாம் பச்சை நிறத்துல ஃபெயில் ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. தலைவர் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, 'சோதனை திருப்தி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. லேமினேட் பண்ணி நோட்டீஸ் போர்டுல மாட்டினாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிவியைப் போட்டு உடைச்சிருப்பேன். அதுவும் எவரோ உபயம் பண்ணினது, விட்டுட்டேன்.

நவமணி அக்காகிட்ட உள்ளதைச் சொன்னேன். யாராலயும் அமுக்க முடியாது, கமிட்டி சனிக்கிழமையை வேண்டியவங்களுக்குக் குடுத்துடும்னேன். அக்கா போனை வெச்சுட்டாங்க.

திறப்பு அன்னிக்கு நல்ல நேரம் பாத்துத் தேங்காய் உடைச்சாங்க. மண்டபத்துல புது வைஃபை, படம் பளிச்சுன்னு வந்துச்சு. எல்லாரும் குனிஞ்சு தலைவர் மூஞ்சியை அமுக்கினாங்க. அமுக்க அமுக்க எல்லார் கையிலயும் அது பெருசாச்சு. மேடையில தலைவரும் தன் மூக்கைத் தானே அமுக்கிக்கிட்டு இருந்தாரு. "கூட்டம் ஜாஸ்தி, லைன் ஜாம்"னு பக்கிரிசாமி அண்ணன் மைக்கில சமாளிச்சாரு.

அப்போ பதிவுப் பட்டியல் போட்டிருந்த மண்டபத்து டிவியில அஞ்சாம் நாளுக்கு நேரா ஒரு பேரு வந்துச்சு. நவமணி, சுங்கை லாலாங் தோட்டம்.

நான் வெளிய ஓடிப் போய்ப் போன் போட்டேன். "எப்படிக்கா?"

"என்ன எப்படி? இங்க தோட்டத்துல, செம்பனை மரத்துக்கு நடுவுல என்னிக்கு லைன் ஒழுங்கா வந்துச்சு? எழுத்து மட்டும் வந்துச்சு, படம் வரல. பொத்தான் சும்மா கெடந்துச்சு, அமுக்கினேன்."

தலைவர் படம் அவ்வளவு கனம், எங்க தோட்டத்து லைன்ல ஏறவே இல்ல. மெதுவான லைனுக்கு நான் சோதனையே எழுதல. எழுதாததும் நல்லதாப் போச்சு.

"இருடி, வெச்சுடாத"ன்னாங்க அக்கா. "பத்தாம் நாள் காலியாவே கெடக்குதே. யாருக்கும் வேணாமா?"

ஜன்னல் வழியா பாத்தேன். தலைவர் இன்னும் அமுக்கிக்கிட்டுத்தான் இருந்தாரு.

"யார் முதல்ல அமுக்குறாங்களோ அவங்களுக்குத்தான்க்கா. விதி அது."

நான் உள்ள வர்றதுக்குள்ள டிவியில பத்தாம் நாளும் நவமணி. தலைவர் எழுந்து நின்னுட்டாரு. "இது செல்லாது. சைட்டுல ஏதோ கோளாறு இருக்கு."

கூட்டம் மொத்தமும் மெதுவா நோட்டீஸ் போர்டுப் பக்கம் திரும்புச்சு. அந்த ரிப்போர்ட் பச்சைப்பசேல்னு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கீழ அவர் கையெழுத்தோட.

எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் அவர் மட்டும் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. போனை என்கிட்ட நீட்டினாரு. திரை பூரா அவர் முகம், மாலையோட.

"இதை எப்படிம்மா எடுக்குறது?"ன்னு கேட்டாரு.