வாழைத்தண்டுச் சாறு குடித்தவரின் விண்ணப்பம்

இருந்தவர்கள் மூன்று பேர். இடம், சேரன்மகாதேவியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஜன்னல் பக்கம் வாழைக்காய் வியாபாரி கொம்பையா. எதிரே, உவரியில் தையல் கடை வைத்திருக்கும் பிலோமினா. குறுக்குப் பக்கம் பேனாவோடு நான், ஜெபசீலன். மூவருக்கும் எச்.ஐ.வி. உண்டு, திருநெல்வேலியில் மாத்திரை வாங்கும் வரிசையில் பழகினவர்கள். மனு, கடிதம் என்றால் என்னிடம் வருவார்கள். அன்று ஒரு கடிதம் எழுதப்போய், அதில் சேர்க்க முடியாமல் மிஞ்சியதுதான் இந்தக் கதை.

1

முதல் தொடக்கம்: "தாமிரபரணியின் ஈரக்காற்று கொம்பையாவின் முகத்தில்..." (அடித்துவிட்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது.)

இரண்டாவது: "மனித ஆயுள் என்பது..." (இதையும். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது.)

மூன்றாவது: கொம்பையா ஒரு ஆராய்ச்சிக்கு மூத்திரம் கொடுத்தார்.

இது நிற்கட்டும்.

2

சிறுநீரில் கசியும் சில புரதங்களை அளந்தால், சிறுநீரகம் சத்தமில்லாமல் நோகிறதா என்று தெரியுமாம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் அவை கூடுதலாக இருப்போருக்கு உயிர் அபாயமும் கூடுதலா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: நூறு பேரைப் பற்றி அது ஏதாவது சொல்லும், தனி ஆள் எத்தனை வருஷம் இருப்பார் என்று சொல்லாது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பியூலா இதை இரண்டு தடவை விளக்கினார். கொம்பையா இரண்டு தடவையும் தலையாட்டினார்.)

தலையாட்டினாரே தவிர, அவருக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது. பிலோமினாவைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். ஒரு புருஷனைப் புதைத்தாயிற்று, இன்னொருவரைப் புதைக்கத் தெம்பில்லை, நீர் நெடுநாள் இருப்பீர் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாரும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

3

இந்த இடத்தில் கொம்பையா என்கிற பாத்திரத்தை நானே நம்பவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, மூத்திரம் கொடுப்பதற்கு முந்தின வாரம் முழுக்கக் காலையும் மாலையும் வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார். மூத்திரம் தெளிவாகப் போனால் முடிவும் தெளிவாக வருமாம். கற்பனை என்றால் இவரை இன்னும் கொஞ்சம் புத்திசாலியாக வைத்திருப்பேன்.

முடிவு நல்லபடியாக வந்தது. வந்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

"பாஸானது நானா, தண்டா, அண்ணாச்சி? தண்டுன்னா நான் அவள ஏமாத்திக் கல்யாணம் கெட்டுத மாதிரில்லா ஆயிரும்."

ஆகவே டாக்டருக்குக் கடிதம். அதுவும் பிலோமினாவை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்றார்.

4

பொருள்: சிறுநீர் மறுபடி கொடுக்க அனுமதி வேண்டி.

எழுத எழுத வாசித்தேன். தண்டுச்சாறு வந்த வரியில் பிலோமினா நிமிர்ந்தார்.

"ஒரு வாரமா குடிச்சீரு?"

"ஆமா."

"துவர்க்கலியா?"

"உப்புப் போட்டுக் குடிச்சேன்."

பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எழுத்தாளன் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

5

நான் யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

மறுபரிசோதனையும் நல்லபடி வருகிறது, கல்யாணம். (சினிமா.)

மோசமாக வருகிறது. கொம்பையா உவரி பஸ்ஸில் ஏறாமல்... (இதை முடிக்க எனக்கு மனசில்லை.)

இரண்டையும் பிலோமினா கலைத்துவிட்டார்.

"என் பேரையும் சேத்து எழுதுங்க அண்ணாச்சி. நான் இருப்பனான்னு இவரு ஒரு வார்த்த கேக்கலியே. எனக்கும் பாக்கட்டும்."

எழுதினேன்.

"பதில் மே மாசம் கழிஞ்சு வந்தாப் போதும்னும் எழுதுங்க."

"மே மாசம் என்னது?" என்றார் கொம்பையா.

"கோயில்ல ஓலை வாசிக்க மூணு ஞாயித்துக்கெழம வேணும்லா வே."

(ஓலை வாசிப்பது: இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப்போகிறார்கள் என்று மாதா கோயில் பூசையில் சாமியார் அறிவிப்பது.)

கொம்பையா எதிரே இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பைய குடிக்கும்படி பிலோமினா சொன்னார்.

6

இருவருக்கும் என்ன முடிவு வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுவதானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மே மாதம் கழியட்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் உறையில் பசை தடவி ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். பிலோமினா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் தாமே போட்டார்.