நாத்தனாரின் ஆமென்

பிறந்த குழந்தையைப் பறிகொடுத்ததிலிருந்து அவளுக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. உடம்பு தேறியதும் சலவைக்கூட வேலைக்குத் திரும்பினாள். துவைத்த வெள்ளை விரிப்புகள் தொங்கும் அந்த அறையில் நீராவி எப்போதும் மெல்லப் படர்ந்திருக்கும். மேகத்துக்குள் நடமாடுவதுபோல் இருக்கும்.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் இஸ்திரி போட்டாள். மதிய இடைவேளையில் அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. உங்களுக்கும் சேர்த்து நானே கேட்டுக்கிறேன். என் தொணதொணப்பு ஆண்டவருக்குப் பழகிப்போச்சு."

அண்ணிக்குச் சிரிப்பு வரும். அந்த முணுமுணுப்பைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொள்வாள். மாதங்கள் இப்படியே நகர்ந்தன.

ஒரு மதியம் நாத்தனார் வந்து உட்கார்ந்தும் உதடு அசையவில்லை.

"மார்புல கட்டி இருக்காம். நாளைக்கு ஆபரேஷன். ஜெபிக்கலாம்னா வார்த்தையே வரல அண்ணி."

விரிப்புகள் லேசாக அசைந்தன. அண்ணி அவளுடைய சில்லிட்ட கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இவளை விட்டுடாதீங்க."

தன் குரலே எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. குழந்தைக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி அழுதாள். மறுபடியும் நாத்தனாருக்காகக் கேட்டாள்.

"ஆமென்," என்று நாத்தனார் அவள் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் டாக்டர் வெளியே வந்து, கட்டியை எடுத்தாயிற்று, பயமில்லை என்றார். அண்ணி தலையசைத்துவிட்டு, நாத்தனார் கண் விழிக்கும்வரை ஜெபித்துக்கொண்டே இருந்தாள்.