சி-யில் இடப்பக்கம்

மணி இரண்டு முறை அடித்ததா மூன்று முறையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மணலைத் தாண்டி அந்தச் சத்தம் வருகிறது, சுகந்தி கறுப்புக் கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், குதிரையின் காது மட்டும் பின்னால் திரும்புகிறது, அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை, அல்லது குதிரையின் காதை நான்தான் பிறகு சேர்த்துக்கொண்டேனோ, ஒரே காலைப்பொழுதை இத்தனை தடவை எடுத்துப் பார்த்தால் ஓரம் தேய்ந்துதான் போகும். வெயில் இருந்தது, அது நிச்சயம், கோயம்புத்தூரின் பங்குனி வெயில், நான் வேலிக்கு வெளியே கையில் தாளோடு நிற்கிறேன், டிரஸ்ஸாஜ் என்றால் இதுதான், வெள்ளைப் பலகைகளுக்குள் ஒரு மணல் செவ்வகம், சுற்றிலும் ஆங்கில எழுத்துகள், எந்த எழுத்தில் திரும்புவது, எங்கே வட்டம் போடுவது, எங்கே நிற்பது எல்லாம் முன்பே எழுதிவைத்த வரிசை, ஓட்டுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, குதிரையிடம் ஒரு சொல் சொன்னாலும் மதிப்பெண் போகும், வரிசை தப்பினால் நடுவர் மணி அடிப்பார், மூன்றாவது மணியோடு வெளியே, ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அந்த வரிசையைப் படித்துச் சொல்லலாம், அதில் இருப்பதை மட்டும், அந்த ஒருவன் நான், எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான், எனக்கு மனப்பாடமாத் தெரியுங்க, ஆனா உங்க குரல் கேட்டாத்தான் முதுகு நேரா நிக்குது என்பாள். அவள் அண்ணன் மயில்சாமி முதல்முறை பார்க்க வந்தபோது, ஏனுங்க மாப்ள, இது பந்தயமா பரதநாட்டியமா, குதிரை நண்டாட்டம் பக்கவாட்டுல போகுது என்று கேட்டார், அவள் குதிரைமேல் இருந்தபடியே, உங்க புல்லட்டை ஒருக்கா பக்கவாட்டுல ஓட்டிக் காட்டுங்கண்ணா, அப்பறம் பேசுங்க என்றாள், எல்லோரும் சிரித்தோம், முகில்கூடச் சிரித்ததாகத்தான் ஞாபகம், முகில் அவளுடைய சாம்பல்நிறப் பெண்குதிரை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் பயிற்சியின்போது முகில் வழுக்கி அவள்மேல் விழுந்தது, கால் முறிந்த குதிரையை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்தார்கள், சுகந்திக்குத் தலையில் அடி, கண்விழித்தபோது எல்லோரையும் அடையாளம் தெரிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தோம், புதிதாக வருவது பெரும்பாலும் அவளிடம் தங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பாள், போன வாரம் வந்தவரை யாரென்று கேட்பாள், பழையது மட்டும் அப்படியே இருந்தது. இனி குதிரை ஏறுனா செத்துப்போயிருவா மாப்ள என்றார் மயில்சாமி, ஏறாவிட்டாலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது, அவளே பேசி முடித்தாள், ஒரே ஒரு போட்டிங்கண்ணா, புது வரிசை, ஒழுங்கா முடிச்சேன்னா என்னை விட்டுடோணும், முடிக்கலைன்னா இனி லாயத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். குதிரையேற்றக் கிளப்பில் பிரின்ஸ் என்ற நிதானமான குதிரையைக் கொடுத்தார்கள், மாலையில் மொட்டைமாடியில் சாக்பீஸால் செவ்வகம் வரைந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிரையும் அவளே ஆளும் அவளே, நான் படிக்கிறேன், சி-யில் வலது, பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அம்மாள், வீட்டுக்காரர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பறயே சுகந்தி, எங்க வீட்டுல அவருதான் திரும்புவாரு என்கிறாள், சுகந்தி சிரித்துவிட்டு மறுபடி இடது திரும்புகிறாள், சி-யில் வலது, சி-யில் வலது.

போட்டி நாள், ஏ-யில் உள்ளே வருகிறாள், நடுவில் நிற்கிறாள், தலைதாழ்த்தி வணங்குகிறாள், என்ன நேர்த்தி, நான் படிக்கிறேன், சி-யில் வலது, அவள் இடப்பக்கம் திரும்புகிறாள், மணி. நடுவர் அம்மாள் எழுந்து வழி காட்டுகிறார், சுகந்தி தலையாட்டுகிறாள், திரும்பி வந்து வலப்பக்கம் போகிறாள், நேரே போக வேண்டிய இடத்தில் வட்டம் போடுகிறாள், மணி, இந்த முறை அவள் நிற்கவில்லை, எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவள் தடுமாறவே இல்லை, முகிலோடு ஆறு வருஷம் ஓட்டிய பழைய வரிசையை எழுத்துப் பிசகாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு மணி அடித்தால் அவள் போட்டியில் இல்லை. நான் தாளை இறக்கினேன், பழைய வரிசை எனக்கும் மனப்பாடம், அதைச் சொல்ல ஆரம்பித்தேன், கே-யிலிருந்து குறுக்கே, நீண்ட நடை, எம்-மில் ஓட்டம், நடுவர் அம்மாள் மணிமேல் கை வைக்கிறார், அடித்துவிட்டுக் கையை எடுத்தாரா அடிக்காமலே எடுத்தாரா, அங்கேதான் எனக்குக் குழம்பிப்போகிறது, எப்படியானாலும் முடிக்கும்வரை யாரும் அவளை நிறுத்தவில்லை, அந்தச் சாதுவான பிரின்ஸ் அவள் இடுப்பு சொன்னபடியெல்லாம் முகிலைப்போலக் காலெடுத்து வைத்தது, அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன்பு ஓட்டியதில்லை.

வெளியே வந்து இறங்கினாள், கடிவாளத்தை என் கையில் கொடுத்தாள், ஏனுங்க, பழசைத்தானே படிச்சீங்க என்றாள். பாதியிலதான் எனக்கே தெரிஞ்சுதுங்க, உங்க குரல்ல தாளைப் பார்த்துப் படிக்கற இழுவை இல்ல, அடடா தப்பாப் போயிட்டமேன்னு நெனச்சேன், நின்னிருக்கலாம், நீங்க விடாம சொல்லிட்டே இருந்தீங்க, சரி, முகிலோட கடைசியா ஒருக்காப் போயிடலாம்னு போயிட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஒழுங்கா முடிக்கலைன்னு அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க குறுக்கே பேசாதீங்க என்று வேலியோரம் நடந்தாள், மயில்சாமி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இல்ல கண்ணு, நல்லாத்தான் இருந்துச்சு, இன்னொருக்காப் போயேன், நான் ஒண்ணும் சொல்லல என்கிறார், அவள் அவர் தோளில் கை வைத்து, வேண்டாங்கண்ணா, சொன்னாச் சொன்னதுதான் என்கிறாள்.

அவள் பிறகு லாயத்துக்குப் போகவில்லை. பிரின்ஸ் கிளப்பிலேயே வயதாகிச் செத்தது. நடுவர் அம்மாள் யாரென்று நான் விசாரிக்கவில்லை. மயில்சாமி ஞாயிறுதோறும் வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார், இப்போது அவரால் நடக்க முடியவில்லை. சுகந்திக்குக் கடைசி வருஷம் என்னை அடையாளம் தெரியவில்லை, போன ஐப்பசியில் இறந்துபோனாள். நான் அதே வீட்டில் இருக்கிறேன்.