குழாய் காயவில்லை

ஆடு வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள், கிளி வளர்க்கிறவர்கள்கூட உண்டு. அர்த்தனாரியின் மகள் பூங்குழலி எறும்பு வளர்த்தாள். மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் எறும்புக்கு என்ன பஞ்சமா? மரவள்ளிக் காட்டில் கால் வைத்தால் கடிக்கிறது, மிளகுக் கொடியில் கை வைத்தால் கடிக்கிறது, இவள் என்னவென்றால் தேன் ஊற்றி வளர்க்கிறாளாம் என்று ஊரே சிரித்தது. அர்த்தனாரியும் சிரித்தவன்தான். ஆனால் மகள் எதிரில் சிரிக்கமாட்டான். தாயில்லாப் பிள்ளை ஏதோ ஒன்றில் மனசை வைத்திருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

போன வருஷக் கோடை மழைக்கு மறுநாள், இறக்கையை உதிர்த்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ராணிக் கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து வந்தாள். அறிவியல் டீச்சரிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று கேட்டு வாங்கினாள். குழாயின் அடியில் தண்ணீர், தண்ணீரை அடைத்து ஒரு பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணி. எல்லாம் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பஞ்சில் ஊறி வரும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே ராணி முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது, வருஷம் திரும்புவதற்குள் குழாய் கொள்ளாத குடும்பம் ஆகிவிட்டது.

அந்தக் குடும்பத்தை இப்போது குடிமாற்ற வேண்டியிருந்தது. காரணம், பூங்குழலியே மலையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

அவளுக்கு இளைப்பு. மேகமூட்டம் இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். மேலே இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் பயந்துகொண்டுதான் இருக்க வேண்டும், கீழே கொண்டுபோய்ப் படிக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே இளைப்பில்தான் அவள் அம்மா கலைச்செல்வியும் போனாள். அது பெருமழை நாள். ரோட்டில் மரம் விழுந்து ஒரு வண்டியும் வரவில்லை. அர்த்தனாரி மனைவியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான். காதோரம் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு பாதி வழியில் நின்றுபோனது. நின்றது தெரிந்தும் ஓடினான்.

மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கும் அவன் தங்கை பானுமதி, பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தாள். பூங்குழலி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எறும்பும் கூட வரும்.

"ஏன் சாமி, என்ற ஊட்டுச் சீனி டப்பாவுக்கு நான் காவல் இருக்கோணுமா?" என்று பானுமதி போனில் சிரித்தாள். "சரி, கூட்டிக்கிட்டு வா. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துரு."

குழாயை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. தண்ணீரோடு கொண்டுபோனால், கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்கிற சாய்ப்பில் பஞ்சு பிடுங்கிக்கொண்டு அத்தனையும் முழுகிவிடும். தண்ணீர் இல்லாமல் கொண்டுபோனால் வறண்டு செத்துவிடும். அதனால் பூங்குழலி ஒரு ஸ்வீட் டப்பாவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, ஸ்பூனால் அறை அறையாகச் சுரண்டி, புது வீடு கட்டினாள். பழைய குழாயையும் புது வீட்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் அருகருகே வைத்தாள். ஏறி வெளியே வராமல் இருக்கத் தொட்டியின் விளிம்பில் பவுடர் பூசினாள். புது வீட்டைக் கறுப்புத் துணியால் மூடினாள். குழாயை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் திறந்து விட்டாள்.

"தட்டிக் கொட்டிட்டா ஆகாதா கண்ணு?" என்று அர்த்தனாரி கேட்டான்.

"ஐயோ, வேண்டாங்கப்பா! பயந்துச்சுன்னா ராணி அது போட்ட முட்டையை அதே தின்னுரும். பழைய ஊடு காஞ்சு, வெளிச்சமும் பட்டா அதுங்களாவே கெளம்பிரும். நாம ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா இருக்கோணும், அவ்வளவுதான்."

அந்தச் சும்மா இருப்பதுதான் அவனால் முடியவில்லை.

ஒரு மத்தியானம் பூங்குழலி சினேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். காட்டிலிருந்து வந்த அர்த்தனாரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். குழாயில் தண்ணீர் தீர்ந்து பஞ்சு வெளுத்துக் கிடந்தது. எறும்புகள் எல்லாம் பஞ்சில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. வெயில் வேறு குழாய்மேல் சுள்ளென்று அடித்தது. விவசாயி அவன், கண்ணெதிரே ஒன்று காய்வதைப் பார்த்துவிட்டு நகர அவன் காலுக்குத் தெரியாது. மகள் தேன் சொட்டு விடுவதற்கு வைத்திருந்த சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, அதன் முனையில் இருந்த மெல்லிய குழலை உள்ளே விட்டுப் பஞ்சை நனைத்தான். வெயில் தாழும்வரை ஒரு துணியால் மறைத்து வைத்தான். எறும்புகள் மொய்த்துக் குடித்தன. அதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

சாயங்காலம் மகள் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஈரமா இருக்குதுங்கப்பா? இந்நேரம் காஞ்சிருக்கோணுமே!" என்றாள். நான்தான் கண்ணு ஊற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் போன் அடித்தது. பானுமதி. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருப்பாள் போல.

"குழாய் இன்னும் காயலீங்கத்தை. அடுத்த வாரம் ஆயிரும்" என்றாள் பூங்குழலி.

அடுத்த வாரம்! அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் அர்த்தனாரியின் நெஞ்சில் என்னவோ ஒன்று குளிர்ந்தது. சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிவிட்டான்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஊற்றினான். அதற்கு மறுநாளும் ஊற்றினான். வேண்டுமென்றேதான் ஊற்றினான், அதை மறைக்க என்ன இருக்கிறது. அவனுக்குப் பயம். ஒரு தடவை மகள் ஊரில் இல்லாத நாளில் மரவள்ளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன், "இறக்குங்கப்பா" என்று அவள் வந்து கை கொடுப்பாள் என்ற நினைப்பில் வாசலிலேயே வெகுநேரம் நின்றிருந்தான். இனி தினமும் அப்படித்தான் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. இன்னும் மழை பிடிக்கவில்லை, பிடிப்பதற்குள் அனுப்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெற்ற பிள்ளையின் மூச்சை வைத்து யாராவது இப்படிக் கணக்குப் போடுவார்களா? அவன் போட்டான்.

"ஏனுங்கப்பா இது காயவே மாட்டேங்குது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மலைக் காத்துல்ல கண்ணு, மொள்ளத்தான் காயும்" என்றான். அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படியா என்று போய்விடுவாள்.

கீழே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பானுமதியின் குரலில் சிரிப்பு போய்விட்டது. அதற்குள் மேலே மூட்டம் இறங்கி, விடாமல் தூறல் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் பூங்குழலி எழுந்து உட்கார்ந்தவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. மருந்தை உறிஞ்சியும் அடங்கவில்லை. உதடு நிறம் மாறியதைப் பார்த்ததும் அர்த்தனாரிக்கு உயிரே போய்விட்டது. கம்பளியில் சுற்றி, பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, மூட்டத்துக்குள் ஹாரன் அடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். நல்லவேளை, அன்றைக்கு ரோட்டில் எந்த மரமும் விழுந்திருக்கவில்லை.

மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டார்கள். மெல்ல மெல்ல மூச்சு இறங்கியது. நர்ஸ் தேன்மொழிக்கு இவர்களை முன்பே தெரியும்.

"டாக்டர் அத்தனை தடவை சொன்னாரில்லீங்க? பள்ளிக்கூடமும் தொறந்தாச்சு. இன்னும் ஏனுங்க இந்தப் புள்ளைய இங்கயே வச்சிருக்கீங்க?" என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்குழலி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அப்பாவைத் திட்டாதீங்கக்கா. எம்மேலதான் தப்பு. எறும்பு மாறாம போகமாட்டேன்னு நான்தான் சொன்னேன். அப்பா பாவம்."

அவன் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். போகிற வருகிறவர்கள் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பானுமதி அடுத்த பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தாள். ராத்திரி பிள்ளையோடு நான் இருக்கிறேன், நாளைக்குக் காலையில் சோளக்காடு பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறோம், துணிமணியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அர்த்தனாரி துணிமணியைக் கட்டி வைத்துவிட்டுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தான். வெள்ளைத் துணியைத் திரியாக முறுக்கிக் குழாய்க்குள் விட்டு, தான் ஊற்றிய தண்ணீரைத் தானே ஒற்றி எடுத்தான். ஜன்னலைத் திறந்தான், தூறல் விட்டு வெளிச்சம் வந்தது. மகள் செய்கிற மாதிரி புது வீட்டின் பிளாஸ்டரில் மட்டும் கொஞ்சம் ஈரம் காட்டினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தான்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரே ஓர் எறும்பு வெளியே வந்து, புது வீட்டு வாசலில் மீசையை ஆட்டி ஆட்டிப் பார்த்து, உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, குழாயில் இருந்த இன்னொன்றைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனது. தூக்கப்பட்டது காலைச் சுருட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. முட்டையைத் தூக்கிக்கொண்டு, அரிசி மாதிரி வெளுத்த குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு, சாயங்காலம்வரை போய்க்கொண்டே இருந்தன. ராணி மட்டும் குழாய் வாய்வரை வருவதும், உள்ளே திரும்பிப் போவதுமாக இருந்தது.

"போ ஆத்தா, போயிரு" என்று அர்த்தனாரி அதனிடம் கெஞ்சினான். "இங்க இருந்து என்ன பண்ணப் போற? போயிரு."

கடைசியில் அதுவும் போயிற்று.

மறுநாள் சோளக்காட்டில், பானுமதி பஸ்ஸில் தின்ன வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனாள். பூங்குழலி டப்பாவை மடியில் வைத்து, துணியை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளறையில் ராணியையும் அதைச் சுற்றிக் கூட்டத்தையும் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அதுங்களாவே போச்சுங்களா அப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, அப்பா பாவம் என்று சொன்ன பிள்ளையாயிற்றே. அந்தப் பழியோடு அவளைப் பஸ் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

"உம்மேல தப்பே இல்ல கண்ணு. குழாய் காயாம நான்தான் தெனமும் தண்ணி ஊத்துனேன். நீ போயிருவீன்னுதான்…"

பூங்குழலி துணியை இறக்கி டப்பாவை மூடினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு அன்னிக்கு வண்டி கெடைக்கலைன்னு சொன்னீங்களே. அது நிசமாங்கப்பா?"

அர்த்தனாரி அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். "நிசந்தான் சாமி! ரோட்ல மரம் விழுந்து கெடந்துச்சு. ஒரு வண்டியும் வரல. நான் தூக்கிட்டு ஓடுனேன் கண்ணு."

எப்போதும் அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்படியா என்று போய்விடுகிறவள், இப்போது அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, "சரிங்கப்பா" என்றாள். அந்தச் சரி, மேற்கொண்டு பேசாமல் இருப்பதற்காகச் சொன்ன சரி.

பஸ் வந்தது. பானுமதி பையையும் பிள்ளையையும் ஏற்றினாள். பூங்குழலி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "போயிட்டு வாரேங்கப்பா" என்றாள். விசில் அடித்ததும் பஸ் நகர்ந்தது. அர்த்தனாரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான், பிறகு ஓடினான்.

"கண்ணு, மரம் விழுந்துதான் கெடந்துச்சு. அன்னிக்கு மரத்தை வெட்டி எடுத்தவங்க நம்மூர்லதான் இருக்கறாங்க. அத்தைகிட்டச் சொல்லி யார வேணும்னாலும் கேளு சாமி. கேட்டுப் பாரு."

பெற்ற மகளிடம் சாட்சிக்கு ஆள் காட்டிக்கொண்டு, பஸ் வளைவில் திரும்புகிறவரை அவன் ஓடினான்.