மச்சான் துணைத்தேற்றம்

அந்தக் கணிதத் துறையில் பதினொரு பேராசிரியர்கள் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் நிறுவல் என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும், வீட்டில் பெரியவர் யாரோ தூங்குகிறார் என்பதுபோல. வெளியாள் எவனாவது எதையாவது சொல்லிவிட்டால் போதும், "நிறுவல் உண்டா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் நீங்கள் ஒரு நிறுவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடைசியாக எப்போது வாசித்தீர்கள் என்று அவர்களைக் கேட்டுப்பாருங்கள். எழுதினவர் பார்த்திருப்பார், அச்சடித்தவர் பார்த்திருப்பார், பாடம் நடத்துகிறவர் பார்த்திருப்பார் என்று கையை விரிப்பார்கள். யாராவது பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அங்கே தர்க்கம் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தத் துறையின் தலைவர் ஒரு பெரிய மனிதர். அவர் தங்கையைக் கட்டியவரும் அதே துறையில் பேராசிரியர். இரண்டாம் மாடியில் அறை. அவரைப் பியூன் முதல் முதல்வர் வரை எல்லோரும் மச்சான் சார் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இருவரும் ஆளுக்கொரு தடித்த புத்தகம் எழுதினார்கள். இரண்டுக்கும் நடுநாயகமாக ஒரு துணைத்தேற்றம், ஆங்கிலத்தில் லெம்மா. அதற்குப் புத்தகத்தில் ஒரு நீளமான பெயர் இருந்தது. தேநீர்க் கடையில் அதன் பெயர் மச்சான் துணைத்தேற்றம். பதின்மூன்று குறியீடுகளும் அவற்றின் காலடியில் பொடி எழுத்துகளுமாக அது அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பார்த்தாலே பயமாக இருக்கும், அதனால் யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அதன்மேல்தான் அங்கே ஆய்வு மாணவியாக இருந்த அவள் தன் ஆய்வேட்டைக் கட்டியிருந்தாள். நூற்று நாற்பது பக்கம், ஏழு வருடம். அலுவலக எழுத்தர் அவளுக்கு வைத்த பெயரே ஏழாம்வருஷம். "என்ன ஏழாம்வருஷம், இன்னும் முடியலையா?" என்பார், அவள் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம். கேலிதான், ஆனால் அதில் ஒரு உண்மையும் இருந்தது. பதிவுக்கு ஏழு வருடம்தான் கெடு. அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வந்தால் வந்தது; இல்லாவிட்டால் எழுதியது அத்தனையும் பழைய காகிதம்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வெளித்தேர்வாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெறப்போகும் ஒரு அம்மாள். ஆய்வேட்டில் எடுத்தாண்ட ஒவ்வொரு துணைத்தேற்றத்துக்கும் முழு நிறுவலைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இந்தத் துறையில் அப்படி யாரும் கேட்டதே கிடையாது. சாப்பாட்டுக் கடையில் போய்ச் சமையல்கட்டைக் காட்டு என்று கேட்டதுபோல எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அவளுக்கு ரோஷமெல்லாம் இல்லை. நகலெடுக்கிற வேலைதானே என்று நூலகத்துக்குப் போனாள். தலைவர் புத்தகத்தைத் திறந்தாள். துணைத்தேற்றம் இருந்தது. அதன் கீழே, "நிறுவலுக்கு இரண்டாம் நூல், பக்கம் 112 காண்க" என்று இருந்தது. சரி என்று மச்சான் சாரின் புத்தகத்தை எடுத்து 112-ஆம் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே துணைத்தேற்றம், அதே பொடி எழுத்துகள். அதன் கீழே, "நிறுவலுக்கு முதல் நூல், பக்கம் 47 காண்க." மறுபடி 47-க்கு வந்தாள். அவள் முதலில் திறந்த பக்கமே அதுதான். இரண்டு புத்தகத்தையும் அருகருகே விரித்து வைத்து, இரண்டு வரிகளையும் மறுபடி ஒருமுறை படித்தாள்.

இரண்டாம் மாடிக்கு ஓடினாள். அவள் சொன்னதை மச்சான் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுவா? அதை அவர்தாம்மா போட்டார். அவர் ப்ரூஃப் போட்டிருப்பாருன்னுதான் நான் அவர் புக்கைப் பாக்கச் சொல்லிப் போட்டேன்."

"நீங்க பாத்தீங்களா சார்?"

"மச்சானை எப்படிம்மா சந்தேகப்படறது? நாளைக்கு வீட்டுல முகத்துல முழிக்க வேணாமா?"

தலைவரிடம் வந்தாள். அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் உரக்க. மச்சான் போட்டிருப்பான் என்று நம்பினாராம். ஆக, இருபத்திரண்டு வருடமாக இரண்டு மகானுபாவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றுகொண்டு, கீழே தரை இருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அதனால என்ன," என்றார் தலைவர். "உண்மையான விஷயம். நீயே ஒரு ப்ரூஃப் எழுதிச் சேத்துடேன். உனக்குக் கைவந்த கலையாச்சே."

மூன்று நாள் உட்கார்ந்தாள். அக்காள் தையற்கடை வைத்திருந்தாள். அதன் பின்னறையில் துணி வெட்டும் பலகையின் ஒரு ஓரம்தான் அவளுடைய மேசை. முதல் நாள் பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாள். இரண்டாம் நாள் குறியீடுகளை உரித்தாள். மூன்றாம் நாள் காலையில் மிச்சமிருந்தது, அறிமுகம் பற்றிய ஒரு சின்னப் பேச்சு. எனக்கு உன்னைத் தெரியுமென்றால் உனக்கும் என்னைத் தெரியும். எனக்கு உன்னையும் உனக்கு அவனையும் தெரியுமென்றால் எனக்கு அவனையும் தெரியும். இந்த இரண்டும் நடக்கிற கூட்டத்தில், ஒவ்வொருவருக்கும் தன்னைத் தெரியும். இவ்வளவுதான் மச்சான் துணைத்தேற்றம்.

நிறுவல்கூட நாக்கு நுனியில் இருந்தது. எனக்குத் தெரிந்த யாரோ ஒருவரை எடு. அவருக்கு என்னைத் தெரியும். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும், ஆகவே எனக்கு என்னைத் தெரியும். முடிந்தது. சந்தோஷமாக எழுதிவிட்டு முதல் வரியைத் திரும்பப் படித்தபோது பேனா நின்றது. எனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் என்றால், அப்படி ஒருவர் இருக்க வேண்டுமே. யாரையுமே தெரியாத ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தால்? இரண்டு நிபந்தனையையும் அவள் மீறவில்லை. மீறுவதற்கு அவளிடம் எந்த அறிமுகமும் இல்லை. ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும் என்று காட்ட யாரைப் பிடித்துக்கொண்டு வருவது? காகிதத்தில் ஆளுக்கொரு புள்ளியாக மூன்று வைத்து, அறிமுகத்துக்குக் கோடு இழுத்து இணைத்தாள். ஓரமாக நான்காவது புள்ளியை வைத்தாள், கோடு எதுவும் போடாமல். துணைத்தேற்றம் பொய். ஒரு புள்ளியில் விழுந்துவிட்டது.

முதலாண்டு மாணவன் செய்கிற பிழை அது. மாணவன் செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பேராசிரியர் செய்தால் அதற்குப் பெயர் சூட்டி அட்டை போடுவார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தன் நூற்று நாற்பது பக்கமும் இதன் தலையில்தான் நிற்கிறது என்பது உறைத்தது, சிரிப்பு போய்விட்டது.

தலைவர் அந்த நான்காவது புள்ளியைக் கண்ணாடி வழியாகவும் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார்.

"இப்படி ஒரு புள்ளி யாரு வெப்பாங்க?" என்றார்.

"வெக்கக் கூடாதுன்னு நீங்க எங்கயும் சொல்லலையே சார்."

"சரி விடு. ப்ரூஃப் இல்லன்னா என்ன, அதை அடிகோளா, ஆக்ஸியமா வெச்சுக்கோ. அடிகோளுக்கு யாரும் ப்ரூஃப் கேக்க மாட்டாங்க."

"பொய்யை எப்படி சார் அடிகோளா வெக்கிறது? அந்தப் புள்ளிக்குத் தன்னைத் தெரியாதுன்னு நான் வெச்சிருக்கேன். தெரியும்னு உங்க அடிகோள் சொல்லுது. ரெண்டும் உண்மைன்னா அப்புறம் எதை வேணும்னாலும் நிறுவிடலாம். இந்த நாற்காலியில யாருமே இல்லன்னு நாலு வரியில நிறுவிக் காட்டவா?"

தலைவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். பின்னிணைப்பில் இரண்டு பக்க எண்களையும் போட்டு, காண்க என்று எழுதிவிடு. அந்த அம்மாள் வயதானவர், ரயிலில் வந்து இறங்கிய களைப்பில் இதையெல்லாம் புரட்டமாட்டார். பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சேர் என்றார். அவர் அதை அதட்டலாகச் சொல்லவில்லை, நல்லது சொல்கிற பாவனையில்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காளும் அதையேதான் சொன்னாள், ஆனால் அவள் சொன்னது வலித்தது.

"அவங்க பொய்யை அவங்க சுமக்கட்டும்டி. நீ ஏன் தலையைக் குடுக்கறே? வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்துடு. ஏழு வருஷமா உன் சாப்பாட்டுத் தட்டைக்கூட நான்தான் கழுவறேன். எதுக்குன்னு நினைச்சே?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி."

அவளுக்குப் பட்டம் வேண்டும். பொய் சொல்வானேன், வெறியாக வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் பின்னிணைப்பை இரண்டு விதமாக அடித்து வைத்திருந்தாள். ஒன்றில் காண்க என்று இருந்தது, இன்னொன்றில் நான்கு புள்ளிகள் இருந்தன. தேர்வு நாள் காலையில் எதைப் பையில் வைத்தாள் என்று கேட்டால், இரண்டையும் வைத்தாள். அவ்வளவு தைரியசாலி அவள்.

தேர்வு அறையில் நீள மேசை. ஒரு முனையில் தலைவர், மறு முனையில் மச்சான் சார், நடுவில் துறையின் இரண்டு இளம் பேராசிரியர்கள். குறிப்பெடுக்க எழுத்தர். வெளித்தேர்வாளர் அம்மாள் வெந்நீர் பிளாஸ்க்கும் ஒரு அடிக்கோலுமாக உட்கார்ந்திருந்தார். ஆய்வேட்டை அந்த அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தித்தான் படித்திருக்கிறார் என்பது பக்க ஓரங்களில் இருந்த பென்சில் புள்ளிகளைப் பார்த்தால் தெரிந்தது. ஒரு மணி நேரம் கேள்விகள் போயின. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தலைவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் அம்மாள். "அந்த லெம்மாவோட ப்ரூஃப். பின்னிணைப்பு எங்கே?"

தலைவர் அவளைப் பார்த்தார். மச்சான் சார் கூரையைப் பார்த்தார். அவள் பைக்குள் கைவிட்டாள். காண்க என்ற தாள்தான் முதலில் கையில் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த அம்மாள் வரிக்கு வரி அடிக்கோல் வைத்த பக்கங்கள் அவள் முன்னால் விரிந்து கிடந்தன. ஏழு வருடத்தில் அவள் எழுதியதை உட்கார்ந்து படித்த முதல் ஆள். அந்த ஆளை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"ப்ரூஃப் இல்லைங்க மேடம்," என்றாள். "அந்த லெம்மா பொய்."

எழுந்து போய்ப் பலகையில் நான்கு புள்ளிகளை வைத்தாள். விளக்கி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாள் வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

"ஆமா. பொய்தான்," என்றார். "அப்ப உங்க தேற்றம்?"

"லெம்மா உண்மைன்னா தேற்றம் உண்மைன்னுதான் நிறுவியிருக்கேன். அது சரிதான். ஆனா லெம்மா பொய்."

"ம். இல்லாத வீட்டுக்கு ஒழுங்கா மாடி கட்டியிருக்கீங்க." அம்மாள் ஆய்வேட்டை மூடினார். "உங்க பக்கத்துல ஒரு வரி தப்பில்ல. ஆனா பட்டம் குடுக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே. அந்த ஒரு புள்ளிக்கு நான் குடுக்க முடியாது. வேற எழுதிட்டு வாங்கன்னு சொல்லலாம்னா, கெடு முடியுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

அவள் தலையசைத்தாள். அழுதுவிடக் கூடாது என்று பலகைத் துடைப்பானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் படிவத்தைத் தலைவர் முன் வைத்தார். நிராகரிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் தலைவர் பேனாவைத் தயங்காமல் ஓட்டினார்: மாணவியின் நிறுவல் பிழையானது. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். படித்தாள்.

"இது பொய் சார்," என்றாள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அடிக்கோலை அந்த வரியின் மேல் வைத்து ஒரே இழுப்பில் அடித்தார். "மாத்தி எழுதுங்க," என்றார். தலைவர் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தார். கடைசியில், ஆய்வேட்டின் ஆதாரமான துணைத்தேற்றம் பொய், அது எங்களுடையது என்று முணுமுணுத்தபடி எழுதப்போனார்.

"எங்களுதுன்னு எழுதாதீங்க மச்சான்," என்றது மேசையின் மறு முனை. "ப்ரூஃப் உங்க புக்குல இருக்குன்னுதானே நான் போட்டிருக்கேன்."

தலைவர் தனக்கு மச்சான் என்று ஒருவர் இருப்பதை அன்றுதான் சரியாகப் பார்த்திருப்பார். என்னுடையது என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அம்மாள் பிளாஸ்க்கை மூடியபடி எழுத்தரைக் கேட்டார். "இந்த லெம்மாவை வெச்சு இதுக்கு முன்னாடி எத்தனை பேர் டாக்டர் ஆகியிருக்காங்க?"

எழுத்தர் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை. "பதினாலு பேருங்க மேடம்."

நடுவில் இருந்த இரண்டு இளம் பேராசிரியர்களும் ஒரே நேரத்தில் குனிந்து, மேசைமேல் இருந்த தங்கள் பெயர்ப்பலகைகளை ஆராயத் தொடங்கினார்கள். இருவர் பெயருக்கு முன்னாலும் முனைவர் என்று இருந்தது.

"அவங்க பட்டம் என்னாகும்?" என்று கேட்டார் அம்மாள்.

"குடுத்த பட்டத்தைத் திருப்பி வாங்க விதியில இடமில்ல மேடம்," என்றார் தலைவர். விதி அவருக்கு மனப்பாடம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் தலைவர் பின்னாலேயே வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னத்தைச் சாதிச்சே?" என்றார். "வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் டாக்டர் ஆகியிருப்பே."

அவள் நின்றாள். கண்ணீர் இறங்கிவிட்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஆமா சார்," என்றாள். "பதினஞ்சாவது ஆளா ஆகியிருப்பேன்."